போர் நேரத்துச் செய்திக்கு எந்த குரூப்? ஊர் குரூப், டெலிகிராம், சின்ன குரூப், பேப்பர்: ஓர் ஒப்பீடு

2025 ஜூன் 23, திங்கட்கிழமை. இரவு பத்தே முக்காலுக்கு வீரவநல்லூரிலிருந்து அம்மா கூப்பிட்டாள். "ஏளா, தம்பி இருக்க ஊர்ல குண்டு போட்டுட்டானுவளாமே. தண்ணி மூணு நாளைக்குத்தான் காணுமாம். அவன்ட்ட பேசினியா?"

தம்பி தோஹாவில் இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் தங்கி வேலை பார்க்கிறான். இஸ்ரேலுக்கும் ஈரானுக்கும் போர் நடந்துகொண்டிருந்த நேரம். கத்தாரில் அல் உதைத் என்ற இடத்தில் உள்ள அமெரிக்க விமானப்படைத் தளத்தின் மீது ஈரான் ஏவுகணை வீசியது அன்று இரவுதான். நான் பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு போனில் நாலு இடத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாலையும் பற்றித்தான் இது. மேலப்பாளையம், கடையநல்லூர், களக்காடு என்று நம் பக்கத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் வளைகுடாவில் ஆள் இருக்கிற வீடு ஒன்றாவது உண்டு. அடுத்த முறை இப்படி ஓர் இரவு வந்தால் அவர்களுக்கு உதவட்டும்.

எனக்குப் பிடித்தது எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆட்களைப் பெயர் சொல்லித் தெரிந்த, சட்டதிட்டம் வைத்த சின்ன குரூப். ஏன் என்பதுதான் மீதி.

பேப்பரும் வானொலியும் நிதானமானவை, ஆனால் தாமதம். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஈழப் போர் நாட்களில் பிபிசி தமிழோசை கேட்காமல் அப்பா படுக்கமாட்டார். 2017 ஏப்ரலோடு அந்த வானொலி ஒலிபரப்பு நின்றுவிட்டது. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது பெரிய மாமா அங்கே இருந்தார். அவர் ஜோர்டான் போய், அம்மானிலிருந்து ஏர் இந்தியா விமானத்தில் வந்து இறங்கும்வரை வீட்டுக்கு ஒரு வரிகூட வரவில்லை. அந்த நாட்களைப் பார்த்தவர்களுக்கு இன்றைய வேகம் எவ்வளவு பெரிய வரம் என்று தெரியும். அதனால் குரூப்பே வேண்டாம் என்று சொல்லும் ஆள் நான் இல்லை.

டிவியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதே ஆண்டு மே 8ஆம் தேதி இரவு, ஆபரேஷன் சிந்தூர் நடந்துகொண்டிருந்தபோது, கராச்சி துறைமுகத்தை இந்தியக் கடற்படை தாக்கிவிட்டது என்று வடநாட்டு சேனல்கள் பல சொல்லிக்கொண்டிருந்தன. அப்படி ஒன்று நடக்கவே இல்லை.

சரி, ஊர் குரூப்புக்கு வருவோம். எங்கள் ஊர் குரூப்பில் 400 பேருக்கு மேல் இருக்கிறோம். கோயில் கொடை, குழாயில் தண்ணீர் வராத நாள், துட்டி, ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் யாருக்காவது ரத்தம் வேண்டும் என்றால் பத்து நிமிடத்தில் ஆள் கிடைப்பது, எல்லாம் அதில்தான். அதன் மேல் அம்மாவுக்கு இருக்கும் நம்பிக்கை சும்மா வந்ததில்லை. ஆனால் கொடைச் செய்தியைப் போடுகிறவர் கொடையைப் பார்த்துவிட்டுப் போடுகிறார். போர்ச் செய்தியைப் போடுகிறவர் அதை வேறெங்கிருந்தோ வாங்கிப் போடுகிறார். போனில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகின்றன.

அன்று அம்மா கேட்டது ஒரு வாய்ஸ் நோட். போனைக் காதோடு அழுத்தி மூன்று தடவை கேட்டிருக்கிறாள். மறுநாள் போய் நானும் கேட்டேன். ஓர் ஆண் குரல், பேரில்லை, ஊரில்லை, நேரமில்லை. "இங்க கத்தார்ல மூணு நாளைக்குத்தான் தண்ணி இருக்கு, கடையெல்லாம் காலியாயிட்டு" என்று ஆரம்பிக்கிறது. மேலே இரட்டை அம்புக்குறி. ஐந்து கையோ அதற்கு மேலோ மாறி வந்த செய்திக்கு வாட்ஸ்அப் போடும் அடையாளம் அது. அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020லேயே கட்டுப்பாடு வைத்துவிட்டார்கள். இருந்தாலும் வீரவநல்லூர்வரை வந்து சேர்ந்துவிட்டது.

இந்த மூன்று நாள் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடினேன். முழுப் பொய் இல்லை என்பதுதான் வேதனை. கத்தாரில் குடிநீர் கிட்டத்தட்ட முழுவதும் கடல்நீரைச் சுத்திகரித்து எடுப்பது. ஈரானின் கடலோர அணு நிலையங்களைத் தாக்கிக் கடல் கெட்டுப்போனால் மூன்று நாளில் தண்ணீர் தீர்ந்துவிடும் என்று முன்பு ஒரு காலத்தில் கணக்குப் போட்டுப் பார்த்ததாக, அந்நாட்டுப் பிரதமரே 2025 மார்ச்சில் ஒரு பேட்டியில் சொல்லியிருந்தார். அந்தக் கணக்குக்குப் பிறகு அங்கே பெரிய நீர்த்தேக்கங்கள் கட்டப்பட்டுவிட்டன. வாய்ஸ் நோட்டில் இருந்தது "மூன்று நாள்" மட்டும்தான். "கடல் கெட்டால்" என்ற நிபந்தனையும் காணோம், "முன்பு" என்பதும் காணோம்.

என் முடிவைத் தீர்மானித்தது இதற்குப் பிறகு நடந்ததுதான். அதற்கடுத்த நாள் காலை அந்த வாய்ஸ் நோட் இருந்த இடத்தில் "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்ற சாம்பல் நிற வரி. போட்டவருக்குத் தப்பு என்று தெரிந்திருக்கிறது, எடுத்துவிட்டார். ஆனால் தப்பு என்று ஒரு வரி எழுதவில்லை. கேட்டவர்கள் கேட்டதோடு நின்றார்கள். அம்மா தன் போனிலிருந்து அதை அதற்குள் கல்லிடைக்குறிச்சி சித்திக்கு அனுப்பியிருந்தாள். இங்கே நீக்கினால் அங்கே நீங்காது. போர்நிறுத்தம் வந்து மூன்று நாள் கழித்தும் அம்மா தம்பியிடம், "தண்ணி வருதா ஐயா? குடிச்சியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லா இடத்திலும் தப்பு நடக்கும். பேப்பரிலும் நடக்கும், தூதரகத்திலும் நடக்கலாம். தப்பு தெரிந்த பிறகு, அதைக் கேட்ட அதே ஆட்களுக்கு, அதே இடத்தில், "அது தப்பு, இதுதான் சரி" என்று வருகிறதா? நான் இப்போது பார்ப்பது இதை மட்டும்தான். பேப்பரில் பெட்டி கட்டித் திருத்தம் போடுகிறார்கள், சின்னதாகவாவது. ஊர் குரூப்பில் அந்த வழக்கமே கிடையாது. திருத்தம் சொன்னால் போட்டவருக்கு மரியாதைக் குறைவு என்று எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறோம். போட்டவர் பெரும்பாலும் நமக்கு மாமா முறை, அண்ணாச்சி முறை. சொந்தம் என்கிற பலமே அங்கே தடையாகிவிடுகிறது. வாட்ஸ்அப்பில் எழுதியதைத் திருத்தவும் 15 நிமிடம்தான் அவகாசம். போர்ச் செய்தியின் உண்மை 15 நிமிடத்தில் தெரிவதில்லை.

டெலிகிராம் வேகத்தில் எல்லாவற்றையும் முந்திவிடும், இதில் சந்தேகமே இல்லை. ஏவுகணைகளை வானத்திலேயே தடுக்கும் வீடியோவை நான் அங்கேதான் முதலில் பார்த்தேன். வாட்ஸ்அப் குரூப்பில் அதிகபட்சம் 1,024 பேர், டெலிகிராம் குரூப்பில் 2 லட்சம் பேர்வரை இருக்கலாம். சேனல் என்றால் வரம்பே இல்லை. ஒரு செய்தி எந்தச் சேனலிலிருந்து வந்தது என்ற பெயரும் பெரும்பாலும் கூடவே வரும், அது நல்ல வசதி. ஆனால் பெயருக்குப் பின்னால் இருப்பது யார், எந்தப் பக்கத்து ஆள் என்பது தெரியாது. போட்டதைச் சத்தமில்லாமல் மாற்றி எழுதலாம், ஓரத்தில் சின்னதாக ஒரு குறிப்பு வரும், அவ்வளவுதான். ஏற்கெனவே மற்றவர்களுக்கு அனுப்பிய பிரதி பழையபடியே கிடக்கும். ஆர்மா 3 என்ற வீடியோ கேம் காட்சிகள் உக்ரைன், காஸா, மே மாதத்து இந்தியா பாகிஸ்தான் மோதல் என்று ஒவ்வொரு போரிலும் நிஜக் காட்சியாக வலம் வந்தன. ஜூன் 13இல் போர் தொடங்கியதிலிருந்து 24இல் நிற்கும்வரை பன்னிரண்டு நாள்தான் டெலிகிராமை நான் தொடர்ந்து பார்த்தேன், அதுவும் நாலைந்து சேனல்கள். நல்லதைத் தேடிப் பிடித்தவர்களின் அனுபவம் வேறாக இருக்கலாம்.

கடைசியாகச் சின்ன குரூப். அம்பாசமுத்திரத்தில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், மகன் தோஹாவில் இருக்கிறான், ஜூன் 15 அன்று தொடங்கினார். 19 பேர்: அங்கே எட்டு, இங்கே பதினொன்று. முதல் நாளே அவர் எழுதிப் போட்ட விதிகள் நாலு. கண்ணால் பார்த்ததை, காதால் கேட்டதை மட்டும் எழுதவும். வாய்ஸ் நோட் என்றால் பேர், இடம், நேரம் சொல்லித் தொடங்கவும். ஃபார்வேர்டு கூடாது, அரசாங்க அறிவிப்பு என்றால் அதன் லிங்க் மட்டும். தப்பு என்று தெரிந்தால் நீக்கக் கூடாது, கீழே "திருத்தம்" என்று எழுதவும்.

நேரம் சொல்லும்போது நம்ம நேரமா அங்கத்து நேரமா என்பதையும் சேர்க்கச் சொன்னார். இரண்டரை மணி வித்தியாசம் சின்ன விஷயம் என்று நினைத்தேன். 23ஆம் தேதி இரவு ஊர் குரூப்பில் அங்கத்து ஏழரை மணிச் சத்தமும் நம்ம பத்து மணிச் சத்தமும் இரண்டு தாக்குதலாகிவிட்டன.

தம்பி போட்டது இது: "அக்கா, நான்தான். இண்டஸ்ட்ரியல் ஏரியா. இங்க மணி ஏழு நாப்பது. வானத்துல வெளிச்சம், நாலஞ்சு பெரிய சத்தம். ரூமுக்குள்ளதான் இருக்கோம், எல்லாரும் நல்லா இருக்கோம்." வெளியே வரவேண்டாம் என்ற இந்தியத் தூதரக அறிவிப்பின் லிங்க்கை இன்னொருவர் போட்டார். விமானப் போக்குவரத்து ஒரு வாரம் இருக்காது என்று ஒரு பையன் எழுதினான். அது தப்பு. அங்கே நள்ளிரவு தாண்டியதும் வான்வெளியைத் திறந்துவிட்டார்கள். நம்ம நேரம் மூன்று மணி ஐந்து நிமிடத்துக்கு அவனே, "திருத்தம்: நான் சொன்னது தப்பு, திறந்துட்டாங்க, மன்னிக்கவும்" என்று எழுதினான். வாத்தியார் அந்நேரத்திலும் விழித்திருந்து, "நன்றி தம்பி" என்று பதில் போட்டார். அதைப் படித்த பிறகுதான் நான் படுத்தேன்.

இதற்கு உழைப்பு வேண்டும். போர் நிற்கும்வரை பத்து நாளும் அந்த மனிதர் சரியாகத் தூங்கவில்லை. ஆறு ஃபார்வேர்டுகளை நீக்கி, போட்டவர்களைத் தனியாக அழைத்துப் பேசினார். அப்படி ஓர் ஆள் கிடைக்காவிட்டால் 19 பேர் குரூப்பும் ஒரே வாரத்தில் ஊர் குரூப் மாதிரி ஆகிவிடும். போர் மாதக்கணக்கில் நீண்டிருந்தால் எங்கள் குரூப் தாங்கியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. உவரி, இடிந்தகரை பக்கத்து மீனவர்கள் ஈரானில் கிஷ் தீவு போன்ற இடங்களில் கூலிக்கு மீன்பிடிக்கப் போகிறார்கள். ஜூன் 18 வாக்கில் ஈரானில் இணையம் கிட்டத்தட்ட முழுவதும் துண்டிக்கப்பட்டது. கூட வேலை பார்க்கும் தோழியின் அண்ணன் அங்கே இருந்தார். அவர்கள் வீட்டு குரூப்பும் சின்னதுதான், நம்பிக்கையானதுதான், ஆனால் நாலு நாள் ஒரு டிக்கோடு நின்றது. அப்போது அவளுக்கு உதவியது பேப்பரும், ஈரானிலிருந்து இந்தியர்களை மீட்டுவந்த ஆபரேஷன் சிந்து பற்றிய வெளியுறவுத் துறை அறிவிப்புகளும்தான். தாமதமாக வந்தாலும் அவை வந்துகொண்டிருந்தன. அந்த நாலு நாளில் அவளிடம் போய்ச் சின்ன குரூப்தான் சிறந்தது என்று நான் சொல்லியிருக்க முடியாது.

எங்கள் குரூப் இன்னும் இருக்கிறது, ஜூலைக்குப் பிறகு யாரும் அதிகம் எழுதுவதில்லை. ஊர் குரூப்பிலிருந்து அம்மாவை வெளியேறச் சொல்லவில்லை, கொடைச் செய்தி அவளுக்கு வேண்டும். இரட்டை அம்புக்குறி எது என்று மட்டும் காட்டிக் கொடுத்திருக்கிறேன். போன வாரம் ஒரு செய்தியைத் திறந்து என்னிடம் நீட்டி, "இதுல ரெண்டு அம்பு போட்டிருக்கு, சித்திக்கு அனுப்பல" என்றாள்.