செல்போன் கேமராவின் முன் 14 மாதங்கள்

மார்பகப் புற்றுநோய்க்காக வலப்பக்க மார்பையும் அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் அகற்றி மூன்று வாரம் ஆனபோது, கையைப் பக்கவாட்டில் 70 டிகிரிக்கு மேல் தூக்க முடியவில்லை. முழு வீச்சு 180. நான் பள்ளி ஆசிரியை. கரும்பலகையில் எழுதும் கை அது. திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு அடிக்கடி பஸ் ஏறத் தெம்பில்லை. வாரம் ஒருமுறை நேரில் வந்தால் போதும், மற்ற நாள்களில் வீட்டிலேயே செய்யுங்கள் என்று பிசியோதெரபிஸ்ட் ஒரு செயலியைக் காட்டினார்.

முக்காலியில் சொம்பு வைத்து, செல்போனை அதில் சாய்த்துவிட்டு எட்டடி தள்ளி நிற்பேன். தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு எல்லாவற்றையும் கேமரா புள்ளிகளாக்கிக் கோடிழுத்துக் கோணத்தைக் கணக்கிடும். உடம்பில் எதையும் கட்டவோ ஒட்டவோ வேண்டாம். தையல் போட்ட உடம்புக்கு அது எவ்வளவு நிம்மதி!

இரண்டாம் மாதம் கை 120-ஐத் தொட்டுவிட்டதாக மகிழ்ந்தேன். திரையில் இடுப்பிலிருந்து தோளுக்குப் போகும் கோடு சிவந்தது. கை அவ்வளவு உயரவில்லை; நான்தான் இடப்பக்கம் சாய்ந்து, தோளைக் காதுவரை ஏற்றியிருக்கிறேன். வலிக்கு அஞ்சி உடம்பு தானாகச் செய்கிற வேலை அது. நிமிர்ந்து நின்று தூக்கினேன்: 95. அன்று அழுதேன். ஆனாலும் அந்தச் சிவப்புக் கோடு இல்லையென்றால் கோணலாகவே பழகியிருப்பேன்.

சேலைத் தலைப்பு முழங்கையை மறைத்தால் புள்ளி தாவும். இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் உருவமே பிடிபடாது. கை கொஞ்சம் முன்னால் வந்தாலும் கணக்கு பிசகும்.

இவை சில்லறைக் குறைகள். ஐந்தாம் மாதம் நடந்தது அப்படியல்ல. வலக்கை வளையல் கழற்ற வரவில்லை. கோணம் கூடிக்கொண்டே வந்ததால் செயலி தினமும் 'நன்று' என்றது. பிசியோதெரபிஸ்ட் அளவுநாடாவை எடுத்தார். முழங்கைக்கு 10 செ.மீ. மேலே, இடக்கையைவிட 2 செ.மீ. கூடுதல். நிணநீர் வீக்கம்: நிணநீர் வடியாமல் கையில் தேங்கி வருவது. முடிச்சுகளை எடுத்த கையில் அது எப்போது வேண்டுமானாலும் வரலாம், சில ஆண்டுகள் கழித்தும்கூட. கேமராவுக்கு அசைவு தெரியும்; கை கனப்பது தெரியாது. வாரம் ஒருமுறை சுற்றளவைக் கேட்டால் என்ன என்று செயலி நிறுவனத்துக்கு இருமுறை எழுதினேன். பதிலே வரவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறையால் வீக்கம் வடிந்தது. இப்போது 165 வருகிறது; கரும்பலகையின் மேல் ஓரத்தில் தேதி எழுதுகிறேன். செயலியை வைத்திருக்கிறேன். ஞாயிறு காலையில் மகள் அளவுநாடாவோடு வந்துவிடுகிறாள்.