வால்நட் பிடியும் பலாமரத் தட்டும்: என் எயார் பிஸ்டலுக்குக் கைப்பிடி மாற்றிய கதை

முதலில் காசுக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், பார்க்கிறவர்கள் எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஜேர்மனியிலிருந்து வந்த வால்நட் கைப்பிடி 180 யூரோ, அனுப்புகூலி, ஏஜென்ட் கமிஷன், தீர்வை எல்லாம் சேர்த்து 70,000 ரூபாயைத் தாண்டியது. உள்ளங்கையைத் தாங்குகிற தட்டைச் செய்துதந்த மொறட்டுவைத் தச்சு பாஸுக்குக் கூலி 3,500. பழைய சோனகத் தெருவில் வாங்கிய எப்பொக்ஸி மா (பிசைந்து வைத்தால் கல்லாக இறுகுகிற பசை), சாண்ட் பேப்பர், ஒரு சின்ன அரம் எல்லாமாக 1,900. இந்த மூன்றில் என் கையை உண்மையாகவே மாற்றியது எது என்றால், வெட்கமாகத்தான் இருக்கிறது, அந்த 1,900 ரூபாய்தான்.

நான் சுடுவது 10 மீற்றர் எயார் பிஸ்டல். ஒற்றைக் கையால், கையை எதிலும் ஊன்றாமல், 4.5 மில்லிமீற்றர் ஈயக் குண்டால் சுடுகிற போட்டி. பிஸ்டல் நான் பழகுகிற கிளப்புடையது, அங்கேயே பூட்டி வைப்பார்கள், வீட்டுக்குக் கொண்டுவருகிற பேச்சே இல்லை. ஒஸ்ரியாவில் செய்த நல்ல சாமான், குறை சொல்ல எதுவும் கிடையாது. ஆனால் அதில் பூட்டியிருந்த கைப்பிடி மீடியம் அளவு. என் கைக்குச் சந்தையில் வளையல் வாங்கப் போனாலே கடைக்காரர் பிள்ளைகள் தட்டைத்தான் எடுத்து நீட்டுவார். அந்தக் கையால் மீடியம் பிடியைப் பிடித்தால் விரல்கள் போதிய அளவு சுற்றி வராது, விசையை விரல் நுனியால் எட்டித் தொடவேண்டும், உள்ளங்கையின் அடிப்பக்கத்தில் ஒரு வெற்றிடம் இருந்துகொண்டே இருக்கும். ஐந்து குண்டுக்கு ஒருமுறை பிடியைத் தளர்த்தி மறுபடி பிடிக்கவேண்டி வரும், மறுபடி பிடிக்கும்போது அது வேறொரு பிடியாக இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை இருக்கிறது, எங்கள் பயிற்சியாளர் சேர் முதல் நாளே சொல்லித்தந்தார், நான்தான் இரண்டு வருடம் அலட்சியமாக இருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு பிஸ்டலைத் தூக்கி இலக்குப் பக்கம் நீட்டுங்கள், மூச்சை விட்டு நிதானமானதும் கண்ணைத் திறந்து பாருங்கள். பிஸ்டலின் பின்முனையில் இருக்கிற பின் குறியின் வெட்டுக்குள், குழல் வாய்ப் பக்கத்து முன் குறி நடுவில் நின்றால் கைப்பிடி உங்களுடையது. எனக்கு அது எப்போதும் இடது பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றது. கண் பார்த்துத் திருத்தலாம்தான், மணிக்கட்டை ஒரு சொட்டு முறுக்கினால் நேராகிவிடும். ஆனால் 60 குண்டு, எலெக்ட்ரோனிக் இலக்கென்றால் 75 நிமிடம், அவ்வளவு நேரமும் முறுக்கிய மணிக்கட்டோடு நிற்க முடியாது. நாற்பதாவது குண்டில் கை தன் பழைய இடத்துக்குப் போய்விடும். இரண்டு குறிகளுக்கும் நடுவில் ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர். அங்கே 1 மில்லிமீற்றர் பிசகினால் 10 மீற்றருக்கு அப்பால் 28 மில்லிமீற்றர் பிசகும். வளையத்துக்கு வளையம் 8 மில்லிமீற்றர்தான். பத்து எடுக்கவேண்டிய குண்டு ஏழில் போய் விழுவது இப்படித்தான், ஈயக் குண்டைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்லை.

இந்த இடத்தில் ரெக்சாஸில் இருக்கிற பெரியம்மா மகனைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அண்ணா அங்கே ஒரு சிங்கிள் அக்ஷன் ரிவோல்வர் வைத்திருக்கிறார், 1873ஆம் ஆண்டுக் கோல்ட்டின் சாயலில் செய்தது, ஒவ்வொரு தடவையும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்த பிறகுதான் சுடலாம். என் புலம்பலை வீடியோ கோலில் கேட்டுவிட்டு, "ரப்பர் கிரிப் போடு தங்கச்சி, நானும் அதைத்தான் போட்டேன்" என்றார். மூன்று மாதம் கழித்து அவரே ரப்பரைக் கழற்றிவிட்டுப் பழைய வழுவழுப்பான மரத்தைத் திரும்பப் பூட்டிவிட்டார். காரணம் கேட்டபோதுதான் எனக்கும் விளங்கியது. அந்தப் பழைய ரிவோல்வரின் பிடி கலப்பைப் பிடி மாதிரி வளைந்திருக்கும், வெடித்ததும் துப்பாக்கி உள்ளங்கைக்குள் மேல்நோக்கி உருளவேண்டும், அப்படி உருண்டால்தான் உதைப்பு குறைவாகத் தெரியும், சுத்தியலும் கட்டைவிரலுக்குக் கிட்ட வந்து நிற்கும். ரப்பர் அதை உருள விடாமல் கவ்விப் பிடிக்க, உதைப்பு முழுக்கப் பெருவிரல் இடுக்கில் வந்து இறங்கியிருக்கிறது. இலக்குச் சுடுகிறவர்களுக்கு இந்த உருளல் பிடிக்காமல்தான் கோல்ட் கொம்பனி 1894இல் வேறு வளைவில் ஒரு பிடியோடு பிஸ்லி என்று ஒரு மொடலே வெளியிட்டது, இங்கிலாந்தின் பிஸ்லி சுடுதளத்தின் பெயரை வைத்து. அவருக்கு உருளவேண்டும், எனக்கு ஒரு மயிரிழைகூட அசையக்கூடாது. அண்ணாவின் ஆலோசனையைப் பாசத்தோடு கேட்டுவிட்டு மறந்துவிட்டேன்.

சரி, ஓடர் போட்ட கதை. கைப்பிடி மட்டுமே செய்கிற ஒரு ஜேர்மன் பட்டறை, மொடலும் அளவும் வலதா இடதா என்பதும் எழுதிக் கொடுத்தால் செய்து அனுப்புவார்கள். தனியாக எடுப்பித்தால் சுங்கத்தில் பெயரைப் பார்த்தே பயந்துவிடுவார்கள் என்று, கிளப்புக்கு ஈயக் குண்டு எடுத்துத் தருகிற ஏஜென்ட் ஒருவரிடம் கொடுத்தேன். ஸ்மால், வலது கை என்று தெளிவாகத்தான் எழுதினேன். நான்கு மாதம் கழித்துப் பெட்டி வந்தது. திறந்து கையில் வைத்தால் கட்டைவிரல் மேடு இருக்கவேண்டிய இடத்தில் விரல்கள் நிற்கின்றன. இடது கை! ஏஜென்டுக்கு எடுத்துச் சொன்னால் மனுஷன் ஒரு பதற்றமும் இல்லாமல், "இரண்டு கையாலும் பழகலாம்தானே மிஸ்?" என்கிறார். பிழை அவருடைய பக்கம் என்று ஒத்துக்கொள்ள இரண்டு கிழமை, சரியானது வர இன்னும் இரண்டரை மாதம். இடது கைப் பிடியைத் திருப்பி அனுப்புகிற செலவுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார். எந்த ஏஜென்ட் என்று கேட்கவேண்டாம், கொழும்பில் இந்தச் சாமான் எடுப்பிக்கிறவர்கள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய பேர்தான்.

வந்த பிடி எப்படி? மரம் அருமை. முழுக்கச் சின்னச் சின்னக் குத்துக் குத்தாகச் சொரசொரப்புப் போட்டிருக்கிறார்கள், மீன் வெட்டுகிற பலகையைத் தடவுகிற மாதிரி, வியர்வைக் கையிலும் வழுக்காது. பூட்டுவது ஐந்து நிமிட வேலை, அடியில் ஒரு ஸ்குரூ, ஆலன் சாவி போதும். முடுக்கும்போது ஒரேயடியாக இறுக்காதீர்கள், முக்கால்வாசி முடுக்கிவிட்டுக் கண்மூடிச் சோதனை செய்து, பிடியின் சாய்வைச் சரிபார்த்த பிறகு இறுக்குங்கள். விசைக்கு விரல் இப்போது சரியாக எட்டியது, விரல் பக்கவாட்டில் மரத்தில் உரசவும் இல்லை. இதுவரை திருப்தி. ஆனால் முன் குறி இன்னும் இடது பக்கம்தான். முன்பைவிடப் பாதி, ஆனாலும் இடது. உள்ளங்கை அடியில் அந்த வெற்றிடம் சின்னதாக அப்படியே இருந்தது. 180 யூரோ கொடுத்தாலும் வருவது "ஸ்மால்" என்கிற யாரோ ஒருத்தியின் கை, என்னுடையது இல்லையே.

அப்புறம்தான் எப்பொக்ஸி மா. பிடியை மட்டும் கழற்றி, கிளப் கடிதம் ஒன்றையும் வாங்கிக்கொண்டு, துவாயில் சுற்றி 101 பஸ்ஸில் வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்தேன். வெறும் மரத்துண்டுதான், ஆனாலும் யாராவது பையைத் திறந்து பார்த்தால் விளக்கம் சொல்ல ஒரு தாள் இருக்கட்டும் என்று. இரண்டு நிற மாவையும் சப்பாத்தி மா மாதிரிப் பிசைந்து, வெற்றிடம் இருக்கிற வலது பின்பக்கத்தில் ஒரு புளியங்கொட்டை அளவு வைத்து, மேலே சமையலறைப் பிளாஸ்ரிக் தாளைப் போர்த்தி, சுடுகிற மாதிரியே நின்று கையை நீட்டிப் பிடித்தேன். இதில் முக்கியம், உட்கார்ந்துகொண்டு பிடிக்கக்கூடாது, முழங்கையை மடக்கக்கூடாது, அழுத்திப் பிழியவும் கூடாது. ஒருவருக்குக் கை கொடுக்கிற இறுக்கம் போதும். பின்பக்கத்தில் வலது புறம் நிரம்பினால் பிடியின் பின்பக்கம் இடப்பக்கம் தள்ளப்படும், குழல் வாய் வலப்பக்கம் வரும், என் குறி நடுவுக்கு வந்துவிடும். கணக்கு அவ்வளவுதான். முதல் தடவை அதிகமாக வைத்துவிட்டேன், குறி வலது பக்கம் போய்விட்டது. இறுகிய பிறகு அரத்தால் ராவி, 80, 120, 240 என்று சாண்ட் பேப்பர் போட்டு, அடுத்த சனிக்கிழமை கிளப்பில் பூட்டிப் பார்த்து, மறுபடி கழற்றி, மறுபடி ராவி, மூன்று சனிக்கிழமை போனது. பல்கனியில் தூசி பறக்க உட்கார்ந்து ராவுகிறதைப் பார்த்து அம்மா, "இந்த அக்கறையைத் தேங்காய் துருவுவதில் காட்டினால் என்ன" என்றார். நியாயம்தான்.

மிச்சம் இருந்தது கீழே உள்ளங்கையைத் தாங்குகிற தட்டு. பட்டறைக்காரர் பூட்டியிருந்தது என் கைக்கு விரலளவு தாழ்வாகவே நின்றது, உயர்த்தக் கூடிய உச்சம் வரை உயர்த்தியும். மொறட்டுவையில் எங்கள் அல்மாரி செய்துதந்த பாஸிடம் கொண்டுபோனேன். பெயர் போடவில்லை, கூட்டம் கூடினால் என் அடுத்த மேசை தாமதமாகிவிடும். பழைய தட்டை அளவெடுத்து, மூலையில் கிடந்த பலாமரத் துண்டில் ஒரு மணித்தியாலத்தில் வெட்டிவிட்டார். மஞ்சள் என்றால் அப்படி ஒரு மஞ்சள், கறுத்த வால்நட்டுக்குக் கீழே மஞ்சள் பூசிக் குளித்தவள் மாதிரி நிற்கிறது. போகப் போகத் தேன் நிறமாகிக் கறுக்கும், வீட்டுக் கதிரைகளில் பார்த்திருப்பீர்கள். வேலை சுத்தம், ஸ்குரூத் துளை இம்மியும் பிசகவில்லை. ஆனால் மனுஷன் தன் புத்தியைக் கொஞ்சம் பாவித்துவிட்டார். கை நன்றாக உட்காரட்டும் என்று ஓரத்தைக் கிண்ணம் மாதிரி மேலே வளைத்துவிட்டார். கையில் வைத்தால் சொர்க்கம், போட்டி விதியில் அது கூடாது. தட்டு மேல்நோக்கி வளைந்து கையைச் சுற்றிப் பிடிக்கக்கூடாது. கிளப்பில் ஒரு அளவுப் பெட்டியும் இருக்கிறது, உட்புறம் 420க்கு 200க்கு 50 மில்லிமீற்றர், பிஸ்டல் அதற்குள் முழுசாக அடங்கவேண்டும். வைத்துப் பார்த்தேன், 50இல் மாட்டிக்கொண்டது. திரும்பப் போய் வளைவைச் சீவச் சொன்னபோது பாஸின் முகம் வாடியதைப் பார்க்கவேண்டுமே, தன் பிள்ளையின் தலைமயிரை வெட்டுகிற மாதிரிச் சீவினார். பிறகு ஆறுதலுக்கோ என்னவோ, "பொலிஷ் போட்டுத் தரட்டா மிஸ், கண்ணாடி மாதிரி வரும்" என்றார். ஐயோ வேண்டாம் என்று பறித்துக்கொண்டு வந்தேன். பொலிஷ் பட்டால் நம் வியர்வைக்கு அது சவர்க்காரக் கட்டிதான். பூச்சில்லாத வெறும் மரம், எப்போதாவது ஒரு துணியில் தொட்டு லின்சீட் எண்ணெய், அவ்வளவு போதும். இனி யாராவது தட்டுச் செய்விக்கப் போனால் "வளைக்கவேண்டாம், பொலிஷ் வேண்டாம்" என்று இரண்டையும் வேலை தொடங்குமுன் சொல்லிவிடுங்கள், 3,500 ரூபாய்க்கு இதைவிட நல்ல கை கிடைக்காது.

இப்போது எப்படி? கண்மூடித் தூக்கினால் பத்தில் எட்டுத் தடவை குறி நடுவில். முன்பு 60 குண்டுக்கு 520, 525 என்று இழுபட்டுக்கொண்டிருந்தவள் போன மாதம் ஒருநாள் 541 எடுத்தேன். எல்லாமே கைப்பிடியால் என்று சொல்லமாட்டேன், அந்த நாட்களில் பயிற்சிக்கு ஒழுங்காகவும் போனேன். ஆனால் கடைசி இருபது குண்டில் கை தளர்ந்து சரிகிற அந்தப் பழைய நோய் நின்றுவிட்டது, அது நிச்சயமாகப் பிடியால்தான். குறை ஒன்று இருக்கிறது: மா வைத்த இடத்தில் மரத்தின் சொரசொரப்பு இல்லை, ஏப்ரல் வெயிலில் ஏசி இல்லாத சுடுதளத்தில் அந்த இடம் மட்டும் ஈரமாகிறது. ஊசியைச் சூடாக்கிக் குத்துப் போடலாம் என்று சேர் சொல்கிறார், கை நடுங்காத ஒரு நாளில் செய்யவேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் எடுத்த எடுப்பில் ஜேர்மனிக்கு ஓடர் போடாதீர்கள். கிளப் பிஸ்டலின் பிடி உங்கள் கைக்கு ஓரளவாவது கிட்ட இருந்தால், பொறுப்பாளரிடம் கேட்டுக்கொண்டு மாவிலிருந்து தொடங்குங்கள், பிடிக்காவிட்டால் ராவி எடுத்துவிடலாம். என்னைப்போல அளவே பொருந்தாதவர்கள்தான் வாங்கவேண்டும், அதையும் ஓடர் தாளைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு வாங்கவேண்டும்.

பிற்குறிப்பு: அந்த இடது கைப் பிடி இன்னும் எதிலும் பூட்டாத புதுசுதான், ஸ்மால் அளவு. இடது கையால் சுடுகிற யாராவது கிளப் மூலமாகக் கேட்டால் பாதி விலைக்குத் தருகிறேன். ஒரே ஒரு சிக்கல், பேப்பர் காற்றில் பறக்காமல் இருக்க அம்மா அதைத்தான் மேலே வைக்கிறார், ஆகவே வரும்போது கனமாக ஏதாவது ஒன்றையும் கொண்டு வாருங்கள்.