ஸ்கின் ஃபேடா, லோ ஃபேடா? இரண்டையும் வைத்துப் பார்த்தபின்

ஃபேட் என்பது பக்கவாட்டு முடியையும் பின்முடியையும் மேலிருந்து கீழே படிப்படியாகக் குட்டையாக்கிக் கரைக்கும் முடிவெட்டு. ஒரு வருடம் முழுக்க மிட் ஸ்கின் ஃபேட் வைத்திருந்தேன். இப்போது ஏழு மாதமாக லோ ஃபேட். இரண்டில் எது நல்லது என்று அடிக்கடி கேட்கிறார்கள். நான் லோ ஃபேட் பக்கம்தான். ஆனால் ஸ்கின் ஃபேடைக் குறைத்துச் சொல்லும் எண்ணம் இல்லை, வெட்டிய அன்றைக்கு அதன் அழகே தனி. கேள்வி அன்றைக்கு எப்படி இருக்கிறது என்பதல்ல, பத்தாவது நாள் எப்படி இருக்கிறது என்பது.

முதலில் பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். லோ, மிட், ஹை என்பவை அந்தக் கரைதல் எந்த உயரம்வரை ஏறுகிறது என்பதைச் சொல்பவை. காதுக்கு மேல் ஒரு விரற்கடையில் முடிந்தால் லோ, நெற்றிப்பொட்டு மட்டத்துக்கு ஏறினால் மிட், தலை பக்கவாட்டிலிருந்து உச்சியை நோக்கி வளையும் இடம்வரை போனால் ஹை. ஸ்கின் என்பது வேறு கணக்கு. அடியில் தோல் தெரிய மழித்து எடுக்கிறார்களா, கொஞ்சம் முடியை விடுகிறார்களா என்பது. ஆக லோ ஸ்கின் ஃபேடும் உண்டு, தோல் தெரியாத ஹை ஃபேடும் உண்டு. பலர் இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் கேட்டுவிட்டு, வெட்டி முடித்ததும் கண்ணாடியைப் பார்த்து அதிர்ந்துபோகிறார்கள். டேப்பர் என்பது கிருதாவிலும் பிடரியிலும் மட்டும் லேசாகக் கரைப்பது, காதைச் சுற்றி முடி அப்படியே இருக்கும்.

சரி, பராமரிப்புக்கு வருவோம். என்னை மாற வைத்தது இது ஒன்றுதான்.

தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளரும். நாளைக்கு ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. மெஷினில் மாட்டும் கார்டுகளில் (முடி எவ்வளவு நீளம் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கும் சீப்புகள்) நம்பர் ஒன் 3 மி.மீ., நம்பர் டூ 6 மி.மீ., நம்பர் ஃபோர் கிட்டத்தட்ட 13 மி.மீ. இப்போது ஸ்கின் ஃபேடை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டிய ஒன்பதாவது நாள் தோலாக இருந்த இடம் நம்பர் ஒன் ஆகிவிடுகிறது. நம்பர் ஒன்னாக இருந்த பட்டை நம்பர் டூ ஆகிவிடுகிறது. மேலே 13 மி.மீ. இருந்த முடியும் அதே 3 மி.மீ. வளர்ந்து 16 ஆகியிருக்கும், ஆனால் அதற்கு அது கால்பங்கு வளர்ச்சிகூட இல்லை. கண்ணுக்கே தெரியாது. அடியிலோ ஒன்றுமில்லாத இடத்தில் கறுப்பு ஏறிவிட்டது.

ஃபேடின் அழகு முழுவதும் தோலின் நிறத்திலிருந்து முடியின் கறுப்புக்குப் போகும் அந்தப் படிப்படியான நகர்வில்தான் இருக்கிறது. அடர்த்தியான கறுப்பு முடி 3 மி.மீ. வளர்ந்தாலே தோலைப் பெருமளவு மறைத்துவிடும். அதனால் பத்தாவது நாள் பக்கவாட்டில் ஒரே சாம்பல் கறுப்பு, கரைதல் போய்விடுகிறது. எனக்கு நாலாவது நாளே கூர்மை குறைந்துவிடும், ஒரு வாரத்தில் ஃபேட் என்று சொன்னால்தான் தெரியும். அந்த ஒரு வருடமும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். ஒரு தடவை தள்ளிப்போனால் மூன்றாவது வாரம் முழுக்க கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் உறுத்தும்.

லோ ஃபேடில் நான் அடியில் நம்பர் ஒன்னில் நிறுத்தச் சொல்கிறேன். தொடக்கத்திலேயே தோல் தெரிவதில்லை, ஆகவே இழப்பதற்கும் பெரிதாக ஒன்றும் இல்லை. 3 மி.மீ. 6 ஆகும்போது ‘கலைந்துவிட்டது’ என்று தோன்றாது, கொஞ்சம் வளர்ந்த ஒழுங்கான முடியாகத்தான் தெரியும். அதோடு கரையும் பட்டையே ஒன்றிரண்டு விரல் அகலம்தான். அதிலும் ஒரு பகுதி காதுக்குப் பின்னால் போய்விடுகிறது. மிட் ஃபேட் அப்படியல்ல. நெற்றிப்பொட்டில் இருப்பதால் எதிரே நிற்பவர் கண்ணில் முதலில் படுவதே அதுதான்.

இன்னொரு விஷயம், வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடிய வேலை. லோ ஃபேடில் முதலில் கெடுவது பிடரிக் கோடும் கிருதா ஓரமும். ஒரு சின்ன டிரிம்மர் இருந்தால் பத்தாவது நாள் அந்த ஓரத்தை மட்டும் சுத்தம் செய்துகொள்ளலாம். பிடரிக்கு இரண்டாவது கண்ணாடியோ கூட ஒருவரோ வேண்டும், அவ்வளவுதான். அப்படிச் செய்தால் நான்கு வாரம் தாராளமாக ஓடுகிறது. ஸ்கின் ஃபேடில் இது நடக்காது. அந்தக் கரைதலை மெஷினின் லிவரைத் திறந்து மூடி, கார்டை மாற்றி மாற்றி, இடையில் விழும் கோட்டை அழித்து அழித்துக் கொண்டுவருகிறார்கள். நான் ஒருமுறை சொந்தமாகத் தொட்டுப்பார்த்தேன். காதுக்கு மேல் ஒரு வெள்ளைக் கோடு விழுந்து, அதைச் சரிசெய்ய முடிதிருத்துபவர் ஃபேடையே ஒரு விரல் மேலே ஏற்ற வேண்டியதாயிற்று.

திரும்பி வருவதற்கு ஆகும் காலத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். மிட் ஸ்கின்னை விட்டுவிட்டு பக்கவாட்டில் 4 செ.மீ. முடி வேண்டுமென்றால் நான்கு மாதம் பொறுக்க வேண்டும். இடையில் உள்ள வாரங்களில் பக்கவாட்டு முடி காதுக்கு மேல் விறைத்துக்கொண்டு நிற்கும். நான் அதைக் கடந்துதான் வந்தேன். லோவிலிருந்து வேறு வெட்டுக்குப் போவது அப்படியில்லை, மேலே உள்ள நீளம் பத்திரமாக இருக்கிறது.

முக அமைப்புக்கு எது பொருந்தும் என்பதெல்லாம் ஓரளவு உங்களுக்கே தெரிந்திருக்கும்: ஹை ஃபேட் முகத்தை நீட்டிக் காட்டும், உருண்டை முகத்துக்கு அது நல்லது, நீள முகத்துக்கு வேண்டாம். காது சற்று விரிந்து நின்றால் ஹை ஃபேட் அதை இன்னும் எடுத்துக்காட்டும். ஆனால் யாரும் பின்தலையைப் பற்றி யோசிப்பதில்லை. பின்தலை தட்டையாக இருப்பவர்கள் அங்கே முடியை ஒட்ட எடுத்தால் தட்டை அப்படியே தெரியும். கொஞ்சம் முடியை அங்கே கனமாக விட்டால் தலைக்கு ஓர் உருண்டை கிடைக்கும். லோ ஃபேட் அதைத் தானாகவே செய்துவிடுகிறது. பழைய தழும்பு இருப்பவர்களும், பக்கவாட்டில் முடி மெலிந்தவர்களும் இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. இரட்டைச் சுழி இருந்தால் ஹை ஃபேடை அந்தச் சுழிவரை ஏற்ற விடாதீர்கள், சுழியருகே குட்டையாகிற முடி குத்திட்டு நிற்கும்.

தோலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மீண்டும் மீண்டும் தோலோடு ஒட்ட மழிக்கும்போது, குறிப்பாகச் சுருள்முடிக்காரர்களுக்கு, வளரும் முடி வளைந்து தோலுக்குள்ளேயே குத்திப் பொரிப்பொரியாகக் கிளம்பும். எனக்குப் பிடரியில் வந்தது, நம்பர் ஒன்னுக்கு மாறிய பிறகு நின்றது. என் ஒருவன் அனுபவம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பிடரியில் அப்படி வருபவர்கள் ஸ்கின்னைத் தொடராமல் இருப்பதே நல்லது. எந்த ஃபேடாக இருந்தாலும் மெஷினின் பிளேடை ஆளுக்கு ஆள் சுத்தம் செய்கிறார்களா என்று பாருங்கள். படர்தாமரை அதன் வழியாகப் பரவக்கூடியது. கேட்கத் தயங்க வேண்டாம்.

டிராப் ஃபேட், காதைச் சுற்றி அரைவட்டமாகக் கரைக்கும் பர்ஸ்ட் ஃபேட், இரண்டையும் நான் வைத்ததில்லை. டிராப் ஃபேடைத் தம்பி வைத்திருக்கிறான். காதுக்குப் பின்னால் கோடு தாழ்ந்து இறங்குவதால் பின்தலையில் முடி தங்குகிறது, அவனுடைய தட்டைப் பின்தலைக்கு அது நன்றாகவே இருக்கிறது. பர்ஸ்ட் ஃபேடை நண்பர்கள் தலையில் பார்த்ததோடு சரி. பின்னால் நீளமாக வளர்ப்பவர்களுக்குப் பொருந்துகிறது என்பதற்கு மேல் என்னால் சொல்ல முடியாது.

தாடி வைப்பவர்களுக்கு மட்டும் என் தராசு கொஞ்சம் மறுபக்கம் சாய்கிறது. கிருதாவில் முடி தோல்வரை கரைந்து, மறுபடி கீழே தாடியாக அடர்ந்து வரும்போது ஸ்கின் ஃபேட் கொடுக்கும் வடிவம் நம்பர் ஒன்னில் கிடைப்பதில்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய் உட்கார முடியும், தோலும் ஒத்துழைக்கிறது என்றால் தாராளமாக வையுங்கள். ஒரு விசேஷத்துக்காக மட்டும் என்றால் இரண்டு நாள் முன்னால் வெட்டிக்கொள்ளுங்கள். மழித்த சிவப்பும் எரிச்சலும் அடங்கியிருக்கும், கூர்மையும் போயிருக்காது.

கடைசியாக, நாற்காலியில் உட்கார்ந்ததும் வெறும் பெயரைச் சொல்லாதீர்கள். ஒருவரின் லோ இன்னொருவருக்கு மிட். நான் விரலை வைத்தே காட்டுகிறேன்: “காதுக்கு மேல் இவ்வளவுதான். அடியில் நம்பர் ஒன், தோல் தெரிய வேண்டாம். பின்னால் இந்த மேட்டில் முடி இருக்கட்டும்.” பக்கவாட்டிலும் பின்னாலும் எடுத்த படம் இருந்தால் இன்னும் நல்லது, முன்பக்கப் படத்தில் ஃபேட் முழுதாகத் தெரிவதில்லை. முதல்முறை என்றால் லோவிலேயே தொடங்குங்கள். போதாது என்று தோன்றினால் அங்கேயே ஐந்து நிமிடத்தில் ஒரு விரல் ஏற்றிவிடுவார்கள். ஏற்றியது அதிகம் என்று தோன்றினால் வளரும்வரை தொப்பிதான்.