பாறசாலைப் பட்டறையில் செய்த மடக்குக் கத்தி: பிடி, மெருகு, வேலைப்பாடு

பித்தளை வேண்டாம் என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலை போகும் வழியில், பெரிய சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் இருக்கிறது அந்தக் கொல்லப் பட்டறை. அங்கே மடக்குக் கத்தி செய்யக் கொடுக்க நினைக்கும் ரப்பர்காட்டுக்காரர்களுக்கு நான் சொல்வது முதலில் இதுதான். ஆசாரிக்குப் பித்தளை மேல் தீராத காதல். பிடிக்கும் அலகுக்கும் இடையே வரும் உள்தகடு பித்தளை, பூண் பித்தளை, தறையாணியும் பித்தளை. புதிதாக மஞ்சள் மின்னும்போது பார்க்கிறவன் மனமும் இளகத்தான் செய்யும். ஆனால் ரப்பர் பாலுக்குச் செம்புச் சேர்மானம் ஆகாது. சிறிதளவு கலந்தாலும் ஷீட் நாளடைவில் பிசுபிசுத்துக் கெட்டுவிடும். பால் உறையாமலிருக்க ஊற்றுகிற அமோனியாவோ திருப்பிப் பித்தளையைத் தின்னும். வெள்ளைக்காரன் காலத்தில் மழைக்காலங்களில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் சுடாமலேயே விரிசல் விட்டன. லாயத்தில் எழுந்த அமோனியா, காற்றின் ஈரம், தகட்டுக்குள் தங்கிய இழுவிசை மூன்றும் சேர்ந்த வேலை அது என்று 1921இல் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். நம் நாட்டு மழையில் நடந்த கதை என்பதால் ஆசாரியிடமும் சொன்னேன். "மக்களே, மழைக்குப் பயந்தால் குடை வாங்கு, கத்தி எதற்கு?" என்றார். கடைசியில் துருப்பிடிக்காத எஃகில் உள்தகடு வெட்டித் தந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

அருமனைப் பக்கம் ரப்பர் நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறேன். ஒட்டுக் கட்டுகிறவனுக்குக் கத்தி என்பது விரலின் நீட்சி. மொட்டுப் பட்டையை உரித்தெடுக்கும்போது அலகு ஒரு மயிரிழை ஆழமாக இறங்கினாலும் மொட்டு வீண். கடையில் கிடைக்கும் ஒட்டுக்கத்திகள் அலகில் குறை சொல்ல முடியாதவை. பிடிதான் மெலிந்த பிளாஸ்டிக். பாலும் வியர்வையும் பட்ட கையில் நழுவும். அதனால்தான் சொல்லிச் செய்யப் போனேன். மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான அலகு, ஒரு பக்கம் மட்டும் சாணை, விரித்தால் பூட்டிக்கொள்ள வேண்டும், மழையில் நனைந்தாலும் மடங்கி விரிய வேண்டும். கேட்டது இவ்வளவுதான். பூட்டுக்கு, உள்தகட்டின் ஒரு பகுதியே வில்லாக வளைந்து அலகின் அடியைத் தாங்கும் முறையைத் தேர்ந்தேன். அமெரிக்கக் கத்திக் கலைஞர் மைக்கேல் வாக்கர் 1980களில் இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்த முறை அது. ஆசாரியின் மகன் அதை நன்றாகவே செய்கிறார். திறக்கும்போது கேட்கும் 'டக்' ஒலியில் ஐயமே இல்லை.

அலகு லாரி பேரிங்கின் வெளிவளையத்தை அடித்து நீட்டியது. துவைச்சலில், அதாவது அலகைச் சுட்டுத் தோய்த்துக் கடினமாக்குவதில், ஆசாரியைக் குறை சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பட்டையில் வைத்தால் சொன்ன இடத்தில் நிற்கிறது. சிக்கல் மெருகில் தொடங்குகிறது. அங்கே எல்லாருக்கும் முதலில் காட்டுவது கண்ணாடி மெருகு. முகம் பார்த்து மீசை திருத்தலாம். கரிமம் மிகுந்த எஃகில் அந்த மெருகு எங்கள் ஊர் இடவப்பாதி மழைக்கு ஒரு வாரம்கூடத் தாங்காது. முதல் புள்ளி விழுந்ததும் அசிங்கமாகத் தெரியும். உப்புத்தாளால் நீளவாக்கில் இழுத்த மெருகு அதைவிட அடக்கமானது, வீட்டிலேயே திரும்பப் போட்டுக்கொள்ளலாம். நான் எடுத்தது ஸ்டோன்வாஷ். அலகை முதலில் அமிலத்தில் கறுக்கவைத்து, பிறகு கூழாங்கல்லும் சோப்புத் தண்ணீரும் போட்ட டப்பாவில் அடைத்து உருட்டுகிறார்கள். உருட்டுவதற்குப் பழைய சலவை இயந்திரத்தின் மோட்டார். மங்கலான சாம்பல் நிறம் வருகிறது. புதுக் கீறல் பழைய கீறல்களோடு கலந்துவிடும். ரப்பர்ப் பட்டையின் கறை ஏறி இப்போது இன்னும் கறுத்திருக்கிறது. எனக்கு அதுவே பிடிக்கிறது.

டமாஸ்கஸ் கேட்டு வருகிற இளைஞர்கள் நிறைய. மரமில்லில் தேய்ந்துபோன பட்டைவாளையும் வண்டி வில்பட்டையையும் அடுக்கி, உலையில் ஒட்டி, மடித்து மடித்து அடிக்கிறார்கள். ரேடியோ உதிரிபாகக் கடையில் கிடைக்கும் ஃபெரிக் குளோரைடில் முக்கினால் சாதாரண எஃகு கறுக்கும், நிக்கல் கலந்த பட்டைவாள் எஃகு வெள்ளையாக நிற்கும். அலை அலையாகக் கோலம் தெரியும். பழைய காலத்து டமாஸ்கஸ் வாள்களின் கோலம் இப்படி ஒட்டி வந்ததல்ல. அது மூசையில் உருக்கிய தென்னிந்திய எஃகுக்குள்ளேயே இருந்தது. கொடுமணலிலும் மேல்சிறுவளூரிலும் அந்தத் தொழில் நடந்த தடயம் கிடைத்திருக்கிறது. பட்டறையில் செய்வது அழகாகத்தான் இருக்கிறது. ஒட்டுக்கத்திக்கு அது தேவையில்லை. விலை இரட்டிப்பாகிறது, வெட்டு கூடுவதில்லை.

பிடிக்கு வருவோம். பலகையில் வரிசையாகத் துண்டுகளை அடுக்கி வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். இந்தப் பட்டறைக்குப் போவதன் முக்கால் இன்பம் அங்கேதான். தொட்டுப் பாருங்கள், எச்சில் தொட்டுத் தேய்த்தும் பாருங்கள். மெருகேறினால் எந்த நிறம் வரும் என்று அப்போதே தெரிந்துவிடும். ஆசாரி கோபித்துக்கொள்வதில்லை.

ஈட்டி முதலிடம். இடித்த பழைய வீடுகளின் கட்டில்கால், நிலைச்சட்டம் ஆகியவற்றிலிருந்து எடுத்தது. காய்ந்து பல தலைமுறை ஆனதால் நெளிவதில்லை. தானே எண்ணெய்ப்பசை உள்ள மரம், ஊதாப்பழுப்பில் கருவரி. கருங்காலி பார்வைக்கு மேல், நடத்தைக்குக் கீழ்: கனம், பளபளப்பு, ஆனால் வெயில் கொண்ட அலமாரியில் வைத்தால் தறையாணிக்குப் பக்கத்தில் முடி போல விரிசல் ஓடும். பலா லேசானது. அறுத்தபோது மஞ்சள், வெளிச்சம் பட்டுப் பட்டுத் தேன்பழுப்பு. வீணைக்குடம் குடையும் மரம் என்று ஆசாரி பெருமையாகச் சொல்வார். கத்திக்குக் கொஞ்சம் மென்மைதான். பனை வேறு உலகம். வெளிர்ந்த சோற்றுக்குள் கருநார் கருநாராக ஓடும் அந்த வைரத்தைச் சாய்த்து அறுத்தால் புள்ளிமழை போலத் தெரியும். எங்கள் மாவட்டத்தில் பனைக்குப் பஞ்சமில்லை, ஆனால் கத்திப்பிடியில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நாரின் முனைகள் சிலும்பிக் கையில் குத்தும் என்பதால் மெல்லிய பசையை ஊறவிட்டு, தேய்த்து, மறுபடியும் ஊறவிட வேண்டும். அந்தப் பொறுமை அங்கே இருக்கிறது. அலங்காரக் கத்தி வேண்டுவோர் பனையைக் கேளுங்கள், வேறு எங்கும் தேட வேண்டாம்.

செம்மரத் துண்டு ஒன்றும் பலகையில் கிடந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஆசாரி வெளியே போய் வெற்றிலை துப்பிவிட்டு வந்தார். நான் தொடவில்லை. ஆந்திரக் காடுகளில் அந்த மரத்துக்காக மனிதர்கள் சாகிறார்கள். முறையான ரசீது இல்லாமல் ஒரு சில்லுக்கூட வாங்கக் கூடாது என்பது என் கட்சி. கடமான் கொம்பு விஷயத்தில் மட்டும் ஆசாரி உறுதியானவர். நெடுமங்காட்டுப் பக்கமிருந்து வந்த ஒருவர், காட்டில் தானாக உதிர்ந்த கொம்பு என்று ஒரு துண்டைப் பைக்குள்ளிருந்து எடுத்தார். உதிர்ந்தாலும் வெட்டினாலும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்கு ஒன்றுதான் என்று சொல்லி அதைத் திரும்பப் பைக்குள் வைக்கச் செய்தார். குடகுக்காரர்களின் பழைய பீச்சேகத்திகளில் தந்தமும் வெள்ளியும் பார்த்துவிட்டு ஆசைப்படுகிறவர்கள் உண்டு. அது முடிந்த காலம்.

எருமைக் கொம்புக்குச் சட்டத்தில் தடையில்லை, கண்ணுக்கும் நிறைவு. தேய்க்கும்போது மயிர் கருகும் நாற்றம் பட்டறை முழுக்கப் பரவும். அதைப் பொறுத்துக்கொண்டால் கருங்கண்ணாடி போன்ற மெருகு கிடைக்கும். ஆனால் கொம்பும் நகமும் ஒரே பொருள்தான். குளித்து வந்தால் நகம் இளகுவதைப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலத்தில் கொம்புப்பிடி உப்பும், வெயில்காலத்தில் சுருங்கும், உள்தகட்டோடு ஒட்டிய ஓரம் மெல்லப் பிரியும். பூச்சியும் அரிக்கும். மேசையில் வைத்துக் கடிதம் கிழிக்கிறவர்களுக்கு மட்டும் சொல்வேன்.

மரப்பிடியின் நோய் மடக்குக் கத்தியில் இருமடங்கு. நேர்க்கத்தியில் மரம் உப்பினால் உப்பியதோடு சரி. மடக்கில் அது அச்சாணியை நெருக்கி அலகைப் பிடித்துக்கொள்ளும். பிரான்சில் 1890 முதல் செய்யப்படும் ஓப்பினெல் கத்தியை வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். எளிய மரப்பிடி, அருமையான அலகு, நனைந்துவிட்டால் திறக்க நகம் போதாது. எஃகு உள்தகடு இருந்தால் மரம் அலகைத் தொடாது. பட்டறையில் உள்தகடு இல்லாமல் செய்தால் விலை குறையும் என்று சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இனி நான் கடைசியில் எடுத்தது. மைக்கார்டா என்று உலகம் முழுக்கக் கத்திக்காரர்கள் சொல்லும் பொருள் ஒன்று உண்டு. துணியையோ காகிதத்தையோ அடுக்கடுக்காகப் பிசினில் ஊறவைத்து அழுத்திக் கெட்டியாக்கியது. 1910 வாக்கில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் மின்காப்புக்காகப் பிறந்தது. ஆசாரியின் மகன் அதைப் பழைய சாரத்தில், அதாவது கைலியில், செய்கிறார். கட்டம் போட்ட, துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்திச் சாரம். எபாக்சி தடவி அடுக்கி, இரண்டு பலகைகளுக்கிடையே இறுக்கி ஒரு நாள் விட்டுவிடுகிறார். பிறகு பிடியின் வளைவுக்குத் தேய்க்கத் தேய்க்க, அடுக்குகள் மலைச்சரிவு வரைபடம் மாதிரி வளையம் வளையமாகத் தெரிகின்றன. நடுநடுவே நீலமும் சிவப்பும் தலைகாட்டுகின்றன. மெருகேற்றாமல் கொஞ்சம் சொரசொரப்பாக விடச் சொன்னேன். ஈரக்கையில் நழுவுவதில்லை, ஈரம் பட்டால் பிடிமானம் இன்னும் கூடுகிறது. பால் ஒட்டினால் உலர்ந்தபின் நகத்தால் உரித்துவிடலாம். என் சாரத்தையே கொண்டுபோய்க் கொடுத்தேன். மனைவிக்கு அதில் பெருமகிழ்ச்சி, நெடுநாளாகத் தூக்கிப்போடச் சொல்லிக்கொண்டிருந்தவர்.

ஆன்லைனில் வாங்கி வைத்திருக்கும் நிறமூட்டிய மரத்துண்டுகளும் உண்டு. மரத்துக்குள் இருக்கும் காற்றை வெற்றிடத்தில் உறிஞ்சிவிட்டு நிறப்பிசினைப் புகுத்திச் சூட்டில் உறையவைத்தவை. நீலமும் பச்சையும் ஊதாவுமாக அல்வாக்கடைத் தட்டு போல இருக்கும். தண்ணீருக்கு அசையாது என்பது உண்மை. என் கைக்கு வேண்டாம்.

வேலைப்பாடுகளில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கத்தியின் முதுகுப்பக்கத்து எஃகு வில்லில் அரத்தால் கொடிக்கோலம் வெட்டுவது இந்தப் பட்டறையின் பெயர்பெற்ற வேலை. ஆசாரி கண்ணாடி போடாமல் வெட்டுகிறார். இடமும் வலமுமாக இலைகள் மாறி மாறி வரும் ஒழுங்கைப் பார்த்தால் எழுந்து நிற்கத் தோன்றும். ரப்பர்காரன் அதை வெட்டச் சொல்லக் கூடாது. என் நண்பர் சொல்லிவிட்டார். இப்போது ஒவ்வொரு இலைக்குள்ளும் பால் உறைந்து, மாலையில் ஊசியால் கிளறி நூல் நூலாக இழுத்துக்கொண்டிருக்கிறார். மற்றது டைட்டானியப் பாகங்களுக்கு ஏற்றும் நிறம். அதில் சாயம் ஏதும் இல்லை. சமையல் சோடா கரைத்த தண்ணீரில் தகட்டை முக்கி மின்சாரம் விட்டால் மேலே ஆக்சைடுப் படலம் வளரும். படலத்தின் கனத்துக்கேற்ப ஒளி நிறம் காட்டும். ஏறத்தாழ 30 வோல்டில் நீலம், 60க்குப் பக்கத்தில் தங்கமஞ்சள், 100ஐ நெருங்கினால் பச்சை. மகன் ஒன்பது வோல்ட் பேட்டரிகளைத் தொடராகக் கோத்தே இதைச் செய்கிறார், வேடிக்கை பார்க்கவே போகலாம். ஆனால் படலம் மிக மெல்லியது. சில்லறைக் காசோடு சட்டைப்பையில் கிடந்தால் விளிம்பு வெளுத்துவிடும். பிடி முழுக்க வேண்டாம். அச்சாணியின் தலைக்கு மட்டும் நீலம் போடச் சொல்லுங்கள். கை உரசாத இடம், நிறம் நிற்கிறது.

குறை சொல்லாமல் விட முடியாது. ஓணத்துக்கு முன் என்று சொன்ன கத்தி ஓணம் முடிந்து நவராத்திரிக்குத்தான் வந்தது. ரசீது கிடையாது. தொலைபேசியை எடுப்பவர் யார் என்பதைப் பொறுத்து விலை மாறுகிறது, ஆகவே துண்டுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தோலுறை தருகிறார்கள், மட்டம். தையல் மார்த்தாண்டத்துச் செருப்புக்கடையில் திரும்பப் போட வேண்டியிருந்தது. சாணை மட்டும் எத்தனை முறை போனாலும் காசு வாங்காமல் பிடித்துத் தருகிறார்கள்.

பெரிய குறை நகக்குழி. அலகைத் திறக்க நகம் கொடுக்கும் அந்தப் பள்ளத்தை அழகுக்காக மெலிதாக, பிறை போல வெட்டியிருந்தார். ஈரவிரலுக்கு அது பிடிகொடுக்கவில்லை. சொன்னதும் ஆசாரி, "பழகிவிடும்" என்றார். பழகவில்லை. மறுபடியும் கொண்டுபோய் மகனிடம் கொடுத்தேன். அவர் அதை ஆழமான நீள்குழியாக மாற்றித் தந்தார், அலகின் ஸ்டோன்வாஷையும் திரும்பப் போட்டார். நீங்கள் முதலிலேயே ஆழமாக வெட்டச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பட்டறை மூடியிருக்கும், மற்ற நாள்களில் காலையில் போனால் உலை எரியும்போது ஆசாரி பேசமாட்டார். மூன்று மணிக்கு மேல் போங்கள்.