கிளட்ச் மாத்தாமலே 16,800 ரூபா வாங்கிட்டாங்க, பெங்களூர்ல கார் வச்சிருக்கவங்க தயவுசெஞ்சு படிங்க

இன்னிக்கு காலைலதான் விஷயம் தெரிஞ்சுது, கை இன்னும் நடுங்குது, தப்பும் தவறுமா டைப் பண்ணா பொறுத்துக்கோங்க. 16,800 ரூபா. என் பழைய சின்ன காருக்கு கிளட்ச் செட் மாத்திட்டோம்னு சொல்லி வாங்கின காசு. மாத்தவே இல்ல!

வீடு பிடிஎம் லேஅவுட், ஆபீஸ் எலெக்ட்ரானிக் சிட்டி. போன மாசம் அம்மாவோட ஓசூர் கிளம்பினேன், சில்க் போர்டு தாண்டி ஃப்ளைஓவர் ஏறும்போது ஆக்சிலேட்டர் மிதிச்சா இன்ஜின் மட்டும் கத்துது, ஆர்பிஎம் முள்ளு ஏறுது, வண்டி வேகம் எடுக்கல, உள்ள ஒரே கருகின வாடை. பின்னாடி லாரிக்காரன் ஹார்ன் அடிச்சிட்டே வரான், மேல ஏறிட்டா ஓரங்கட்ட எடம் கிடைக்கறதே கஷ்டம், அம்மா முருகா முருகானு சொல்லிட்டே வந்தாங்க. எப்படியோ இறங்கி வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

வீட்டு வாசல்ல வந்து வண்டிய எடுத்துட்டு போய் சரி பண்ணி திருப்பி விடுற ஆப் ஒண்ணு இருக்கு, அதுல புக் பண்ணேன். வந்த சூப்பர்வைசர் முதல்ல கன்னடத்துல பேசினாரு, நான் அம்மாகிட்ட பேசறத கேட்டதும் "தமிழாக்கா? நமக்கு தருமபுரி பக்கம்"னாரு. அவ்வளவுதான், அம்மா உள்ள போய் காபி போட்டு எடுத்துட்டு வந்துட்டாங்க. அந்தாளு என் கண்ணு முன்னாடியே டெஸ்ட் பண்ணி காட்டினாரு. ஹேண்ட் பிரேக் இழுத்து, மூணாவது கியர் போட்டு, கிளட்ச மெதுவா விட்டாரு. நல்ல கிளட்ச்னா இன்ஜின் டப்புனு ஆஃப் ஆகணும், இது பாட்டுக்கு ஓடிட்டே இருந்துச்சு. அந்த டெஸ்ட் சரியான டெஸ்ட்தான், அவரு சொன்ன கோளாறும் உண்மைதான், அதனாலதான் மிச்சத்தையும் கண்ண மூடிட்டு நம்பினேன்.

மறுநாள் வாட்ஸப்ல போட்டோ வருது, தேஞ்சு போய் ரிவெட் தலையெல்லாம் தெரியற ஒரு பிளேட். "பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூணும் போச்சுக்கா, ஃப்ளைவீலும் ஃபேசிங் போடணும்." (ஃபேசிங்னா பிளேட் உரசற ஃப்ளைவீல் மேல்பரப்ப தேச்சு சமமாக்கறது.) மொத்தம் 16,800. உடனே அனுப்பிட்டேன். பழைய சாமான் எங்கனு கேட்டதுக்கு ஸ்கிராப்ல போயிடுச்சுனாரு. வண்டி வந்துச்சு, பெடல் பிடிக்கற எடம் நல்லா கீழ இறங்கியிருந்துச்சு, சரி புது கிளட்ச்னு நெனச்சேன்.

பன்னெண்டே நாள். அதே ஃப்ளைஓவர், அதே வாடை.

போன் பண்ணா "டிக்கெட் போட்டாச்சு மேடம், 48 மணி நேரத்துல கூப்பிடுவாங்க". யாரும் கூப்பிடல. திரும்ப பண்ணா "அது பார்ட்னர் கராஜ் வேல, அவங்ககிட்ட பேசுங்க". கராஜ்ல "ஆப்ல கம்ப்ளெய்ன்ட் பண்ணுங்க". அப்புறம் கிளட்சுக்கு வாரன்ட்டியே கிடையாதுங்கறாங்க, பில்லுல ஆறு மாசம்னு போட்டிருக்கு! காபி குடிச்சிட்டு போன தருமபுரிக்காரரு ஒரே ஒரு தடவ எடுத்தாரு, "லேடீஸ் ஓட்டினா இப்படித்தான்க்கா, கால் கிளட்ச் மேலயே இருக்கும்"னு சொல்லி வெச்சிட்டாரு. பதிமூணு வருஷமா இந்த ஊரு டிராஃபிக்ல ஓட்டறேன்யா நான்.

இன்னிக்கு காலைல ஈஜிபுரால ஒரு வயசான பாய் மெக்கானிக்கிட்ட கொண்டு போனேன். வண்டிய தூக்கி அடியில டார்ச் அடிச்சு பாத்தவரு "இத யாரும் தொறக்கவே இல்லம்மா"னாரு. என்னையும் குனிஞ்சு பாக்கச் சொன்னாரு. கியர்பாக்ஸ் இன்ஜினோட சேர்ற போல்ட் அத்தனையிலயும் வருஷக்கணக்கான மண்ணும் கிரீஸும் அப்படியே கெட்டியா உக்காந்திருக்கு, ஸ்பானர் பட்ட தடமே இல்ல. இத கழட்டி கியர்பாக்ஸ இறக்காம கிளட்ச மாத்தவே முடியாது. கிளட்ச் கேபிள் முனையில மட்டும், மரை முழுக்க துருவா இருக்க, நட்டு முன்னாடி இருந்த அரை இஞ்ச் எடம் பளபளன்னு இருக்கு. பிளேட் தேயத்தேய கேபிள்ல ப்ளே, அதாவது இருக்கவேண்டிய தளர்வு, இல்லாம போய், பேரிங் எப்பவும் அழுத்திட்டே இருந்து கிளட்ச் வழுக்குமாம். அந்த நட்ட கொஞ்சம் லூஸ் பண்ணிவிட்டா சில நாள் பிடிக்கும், அப்புறம் பழைய கதைதான். நட்டு திருப்பினதுக்கு 16,800 ரூபா!

மதியம் பாய் கியர்பாக்ஸ இறக்கி காட்டினாரு, என் பிளேட்ல நாலு ஸ்பிரிங். அவங்க அனுப்பின போட்டோல ஆறு. எவன் வண்டியோடதோ. ஃப்ளைவீல்ல சூட்டுல நீலம் பாரிச்ச திட்டு அப்படியே இருக்கு, ஃபேசிங்காம் ஃபேசிங். இப்ப பாய் ஜேசி ரோட்ல புது செட் வாங்கி போட்டுட்டு இருக்காரு, அதுக்கு இன்னொரு 9,500.

என்ன பண்ணணும்னு விளக்கமா எழுதத்தான் உக்காந்தேன், முடியல. கியர்பாக்ஸ் இறக்கும்போது நேர்ல நில்லுங்க, முடியலனா வீடியோ கால்ல காட்டச் சொல்லுங்க. பழைய பார்ட் மூணும் கைக்கு வராம காசு குடுக்காதீங்க. பில்லுல பார்ட் நம்பர் கேளுங்க, என் பில்லுல வெறும் "கிளட்ச் செட்"னுதான் இருக்கு. கன்ஸ்யூமர் ஹெல்ப்லைன் நம்பர் 1915ல கம்ப்ளெய்ன்ட் குடுத்துட்டேன். பழைய பிளேட்ட துணில சுத்தி டிக்கில வெச்சிருக்கேன். பிடிஎம், பொம்மனஹள்ளி பக்கம் வேற யாருக்காவது ஆறு ஸ்பிரிங் போட்டோ வந்திருந்தா கமென்ட்ல சொல்லுங்க, சேந்து கேக்கலாம்.