கூரை யாருடையது: வாழும் பேரங்காடிகளும் மறைந்த பேரங்காடிகளும்

ஒரு பேரங்காடி மூடப்படும்போதெல்லாம் இணைய வணிகத்தின் மீது பழி போடுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பழியில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் ஒரே நாட்டில், சில சமயம் ஒரே தெருவில், ஒரே வகை வாடிக்கையாளரை நம்பியிருந்த இரண்டு கடைகளில் ஒன்று நிலைத்து மற்றொன்று அழிந்தது ஏன் என்பதை அது விளக்குவதில்லை. இணையம் பிறப்பதற்கு முன்பே மடிந்த பேரங்காடிகளும் பல. ஆகவே எதிரெதிராக நின்ற கடைகளை இணை இணையாக எடுத்து, மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கிறேன்: கட்டடம் யாருடையது, கடன் யாருடைய நலனுக்காக வாங்கப்பட்டது, அடுக்கில் இருக்கும் சரக்கில் முடங்கிய பணம் யாருடையது. முதல் இரண்டுக்கும் கிடைக்கும் பதிலே பெரும்பாலும் கடையின் ஆயுளைத் தீர்மானித்திருக்கிறது என்பது என் முடிவு. மூன்றாவது கேள்வி ஜப்பானுக்குப் போகும்போதுதான் முக்கியமாகிறது.

ஸ்பெயினில் தொடங்குவதே பொருத்தம், ஏனெனில் இவ்வளவு சுத்தமான ஒப்பீடு வேறெங்கும் அமையாது. எல் கோர்த்தே இங்லேஸ், கலேரியாஸ் பிரேசியாதோஸ் ஆகிய இரண்டும் மாட்ரிட் நகரின் பிரேசியாதோஸ் தெருவில் வளர்ந்தவை. முன்னதை நடத்திய ரமோன் அரேசெஸ், பின்னதைத் தொடங்கிய பெபின் பெர்னாண்டஸ் ஆகிய இருவரும் அஸ்தூரியாஸ் பகுதியிலிருந்து கியூபாவுக்குப் பிழைக்கப் போனவர்கள், ஹவானாவின் புகழ்பெற்ற எல் என்காந்தோ பேரங்காடியில் தொழில் கற்றவர்கள், உறவினர்களும்கூட. அரேசெஸ் 1935இல் ஒரு சிறிய தையற்கடையை அதன் பெயரோடு வாங்கினார். பெர்னாண்டஸ் 1943இல் கலேரியாஸைத் திறந்தார். தொடக்கத்தில் முந்தியவர் பெர்னாண்டஸ்தான். கவனிப்பிலும் விளம்பரத்திலும் இரண்டு கடைகளுக்கும் ஒரே பள்ளிப் பயிற்சி என்பதால், அந்த வகையில் ஒன்றை மேல், மற்றதைக் கீழ் என்று சொல்ல இடமில்லை.

வேறுபாடு கணக்கேட்டில் இருந்தது. அரேசெஸ் ஈட்டிய இலாபத்தைத் திரும்பத் திரும்பக் கடையிலேயே போட்டு, நல்ல இடங்களை விலைக்கு வாங்கி, நிதானமாகப் பரவினார். கலேரியாஸ் வங்கிக் கடனில் வேகமாகப் பரவியது. 1970களின் பொருளாதார நெருக்கடியில் விற்பனை சுருங்கியபோது வட்டி சுருங்கவில்லை. கடன் கொடுத்த வங்கியின் கைக்கே கடை போனது. பிறகு நடந்தது கைமாற்றங்களின் வரலாறு மட்டுமே: ருமாசா குழுமம் வாங்கியது, அந்தக் குழுமத்தையே 1983இல் அரசு கையகப்படுத்தியது, அடுத்து வெனிசுவேலாவின் சிஸ்னெரோஸ் குழுமம், அதற்கடுத்து மவுண்ட்லீ என்ற பிரிட்டிஷ் சொத்து நிறுவனம். ஒவ்வொருவரும் கடையை வாங்கியதாகச் சொன்னாலும், நகர மையங்களில் இருந்த கட்டடங்களின் மீதே அவர்கள் கண் இருந்தது என்பதைக் கடைசிப் பெயரே காட்டிக் கொடுக்கிறது. 1995இல் மிச்சமிருந்ததை எல் கோர்த்தே இங்லேஸ் வாங்கித் தன்னுள் கரைத்துக்கொண்டது. வென்ற கடையும் பின்னாளில் கடனில் சிக்கத்தான் செய்தது. 2013இல் ஏறத்தாழ 500 கோடி யூரோ கடனை அது மறுசீரமைக்க வேண்டியிருந்தது. ஆனால் விற்கவும் அடகு வைக்கவும் சொந்தச் சொத்துகள் இருந்தன; அரேசெஸின் பங்குகள் அவர் நிறுவிய அறக்கட்டளையிடம் போயிருந்ததால் உடனடியாகப் பணம் பிடுங்கும் அவசரம் முக்கியப் பங்குதாரருக்கு இல்லை. இந்த இரண்டும் சேர்ந்து கொடுத்த அவகாசம் கலேரியாஸுக்குக் கிடைக்கவில்லை.

பிரிட்டனில் டெபனாம்ஸையும் ஜான் லூயிஸையும் ஒப்பிட்டால் இதே பாடம் இன்னும் கசப்பாக வருகிறது. டெபனாம்ஸின் வேர் 1778இல் லண்டனில் தொடங்கிய ஒரு துணிக்கடையில் இருந்தது. 2003இல் தனியார் முதலீட்டு நிதிகள் கூட்டாகச் சேர்ந்து அதை வாங்கின. 2005இல் 23 கடைகளின் கட்டடங்கள் 49.5 கோடி பவுண்டுக்கு விற்கப்பட்டு, அதே கட்டடங்களிலேயே நீண்டகாலக் குத்தகைக்குக் கடை தொடர்ந்து நடத்தப்பட்டது. உரிமையாளர்கள் பெருந்தொகையை ஈவுத்தொகையாக எடுத்துக்கொண்டு, 2006இல் நிறுவனத்தை மீண்டும் பங்குச் சந்தையில் இறக்கியபோது அதன் தலைமீது 100 கோடி பவுண்டுக்கும் மேற்பட்ட கடன் இருந்தது. இருநூறு ஆண்டுக்கு மேல் பழைமையான ஒரு கடை, தன் சொந்தக் கூரைக்கே வாடகை கட்டும் குடியிருப்பாளராக மாறியது இப்படித்தான். அதன் பிறகு எந்த ஆண்டு வியாபாரம் மந்தமானாலும் முதலில் வெட்டப்பட்டது கடையைப் புதுப்பிக்கும் செலவு. தரைவிரிப்பு தேய்ந்தது, விளக்குகள் மங்கின, உடை மாற்றும் அறைகள் பழசாயின. வாடிக்கையாளர் கண்ட சீரழிவு கடையின் சோம்பலால் வந்ததாகத் தெரிந்திருக்கும். உண்மையில் அந்தப் பணம் ஏற்கெனவே வட்டியாகவும் வாடகையாகவும் போய்விட்டது. 2021 மே 15 அன்று கடைசிக் கிளைகளும் மூடப்பட்டன. பெயரை மட்டும் இணைய வழி ஆடை நிறுவனமான பூஹூ 5.5 கோடி பவுண்டுக்கு வாங்கியது. கட்டடமும் ஊழியரும் இல்லாத பெயரின் விலை அது.

ஜான் லூயிஸ் 1864இல் ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் தொடங்கியது. நிறுவனரின் மகன் ஸ்பீடன் லூயிஸ் 1929இல் தன் உரிமையை ஊழியர்கள் நலனுக்கான அறக்கட்டளைக்கு மாற்றத் தொடங்கினார்; இன்றுவரை அங்கு வேலை செய்பவர்களே பங்காளிகள். வெளியிலிருந்து ஒருவர் வந்து வாங்கி, கட்டடங்களை விற்று, ஈவுத்தொகை எடுத்துப் போக வழியில்லாத அமைப்பு அது. ஆனால் அது கவசமே தவிர மருந்து ஆகாது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் 16 கிளைகளை நிரந்தரமாக மூட வேண்டியிருந்தது. 2021இல், 1953க்குப் பிறகு முதல்முறையாக ஊழியர்களுக்கு ஆண்டு ஊக்கத்தொகை கொடுக்க முடியவில்லை. கூடவே இருந்த வெயிட்ரோஸ் மளிகைக் கடைகளும் அந்த ஆண்டுகளைத் தாண்ட உதவின. இருந்தும், இழப்பை ஊழியர்களே சுமந்து, கடையைக் காப்பாற்றும் முடிவையும் அவர்கள் சார்பிலேயே எடுக்க முடிந்த அந்த ஏற்பாட்டை நான் பெரிதும் மதிக்கிறேன். பிஎச்எஸ் என்ற போட்டிக் கடையை நினைத்தால் அந்த மதிப்பு கூடுகிறது. 2000இல் 20 கோடி பவுண்டுக்கு வாங்கப்பட்ட அந்தக் கடை, ஈவுத்தொகைகள் எடுக்கப்பட்ட பின், 2015இல் ஒரு பவுண்டுக்கு விற்கப்பட்டது. அடுத்த ஆண்டே மூடப்பட்டது. 11,000 பேர் வேலையும் அவர்களின் ஓய்வூதிய நிதியில் விழுந்த ஓட்டையும்தான் மிஞ்சியது.

வியாபாரம் நன்றாக நடந்தும் வாடகை ஒரு கடையைச் சாய்க்க முடியும் என்பதற்கு பெர்லினின் காடேவே சாட்சி. 1907இல் திறக்கப்பட்ட அந்தப் பேரங்காடியின் ஆறாம் மாடி உணவுப் பகுதி உலகப் புகழ் பெற்றது, கூட்டத்துக்கும் குறைவில்லை. ஆயினும் 2024 ஜனவரியில் அதன் நிர்வாகம் நொடிப்பு மனு கொடுத்தபோது சொன்ன காரணம், தாங்க முடியாத வாடகை. கட்டடம் சிக்னா என்ற ஆஸ்திரிய சொத்துக் குழுமத்தின் கையில் இருந்தது. அந்தக் குழுமமே அப்போது சரிந்துகொண்டிருந்தது. பின்னர் தாய்லாந்தின் சென்ட்ரல் குழுமம் கட்டடத்தையும் கடையையும் ஒருசேரத் தன் கைக்குக் கொண்டுவந்தது. பல தலைமுறையாகப் பேரங்காடித் தொழிலிலேயே இருக்கும் குடும்பம் அது என்பதால், கட்டடத்தையும் வியாபாரத்தையும் பிரித்து வைத்ததே நோய் என்று அவர்கள் புரிந்துகொண்டிருப்பார்கள் என நம்புகிறேன்.

பாரிஸின் இணை வேறு மாதிரி. போன் மார்ஷேயில் 1852இல் கூட்டாளியாகச் சேர்ந்த அரிஸ்டைட் பூசிக்கோ, குறித்த விலை, பேரம் இல்லை, வாங்கும் கட்டாயமின்றி யாரும் உள்ளே வரலாம், பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்ற விதிகளை ஒரே கூரையின்கீழ் சேர்த்துப் பேரங்காடிக்கு நவீன உருவம் கொடுத்தவர். லா சமரிட்டைனை 1870இல் தொடங்கிய எர்னெஸ்ட் கோன்யாக்கின் மனைவி லூயிஸ் ஜே அதே போன் மார்ஷேயில் வேலை பார்த்தவர். இன்று இரண்டுமே எல்விஎம்எச் என்ற சொகுசுப் பொருள் குழுமத்தின் கையில் உள்ளன. போன் மார்ஷே 1984இலிருந்து சொகுசுக் கடையாக நிதானமாக மாற்றப்பட்டது. சமரிட்டைன் தீப்பாதுகாப்புக் குறைகளுக்காக 2005இல் மூடப்பட்டு, 16 ஆண்டுகள் கழித்து 2021இல் திறந்தபோது பழைய வளாகத்தில் ஒரு சொகுசு விடுதி, அலுவலகங்கள், சமூகக் குடியிருப்புகள், குழந்தைகள் காப்பகம் எல்லாம் இடம்பெற்றன. கடைக்கு ஒரு பகுதியே மிஞ்சியது. சாதாரணக் குடும்பங்களுக்குத் தேவையான அத்தனையும் கிடைக்கும் என்பதே அதன் பழைய பெருமை. இரும்பும் கண்ணாடியும் அழகாகப் பிழைத்திருந்தாலும், அந்தக் கடை உயிரோடிருக்கிறது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரண்டில் போன் மார்ஷேதான் மெய்யாகவே தொடர்கிறது.

ஜப்பானில் என் முதல் கேள்வி தடுமாறுகிறது. சொந்த நிலம் இருந்தும் வீழ்ந்த கடை சோகோ. 1830இல் ஒசாகாவில் தோன்றிய அந்தக் கடை, பிற்காலத்தில் ஒவ்வொரு கிளையையும் தனி நிறுவனமாக்கி, புதிய கிளை அமைந்ததும் சுற்றுவட்டார நில மதிப்பு உயர, அந்த மதிப்பைக் காட்டி அடுத்த கிளைக்குக் கடன் வாங்கியது. நிலவிலை ஏறும்வரை இது அறிவாளித்தனமாகத் தெரிந்தது. 1990களில் நிலவிலை சரிந்ததும் ஒன்றுக்கொன்று உத்தரவாதம் நின்ற கிளைகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு விழுந்தன. 2000இல் ஏறத்தாழ 1.87 லட்சம் கோடி யென் கடனோடு நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. ஆக, நிலம் சொந்தமாக இருப்பது மட்டும் போதாது. அது அடகுக் கடையில் இல்லாமலும் இருக்க வேண்டும். பின்னாளில் சோகோவோடு இணைந்த செய்பூ பேரங்காடியின் டோக்கியோ இக்கேபுகுரோ கடையில், நிறுவனம் ஒரு முதலீட்டு நிதிக்கு விற்கப்படுவதை எதிர்த்து 2023 ஆகஸ்ட் 31 அன்று ஊழியர்கள் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜப்பானியப் பேரங்காடித் தொழிலில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக அப்படி நடந்ததில்லை. விற்பனை மறுநாளே முடிந்துவிட்டது; கடைப்பரப்பில் பாதி மின்னணுப் பொருள் கடைக்குப் போனது.

ஹாங்க்யூ இதற்கு நேர் எதிர். இரயில் நிறுவனத்தை நடத்திய கோபயாஷி இச்சிசோ, ஒசாகாவின் உமேதா நிலையத்திலேயே 1929இல் பேரங்காடியைத் திறந்தார். வாடிக்கையாளரைத் தேடிப் போக வேண்டியதில்லை. அவருடைய வண்டியே தினமும் கொண்டுவந்து இறக்கியது. பொருளாதார மந்தத்தில் கையில் காசில்லாத இளைஞர்கள் கடையின் சாப்பாட்டுக் கூடத்தில் வெறும் சோறு மட்டும் வாங்கி, மேசையில் இலவசமாக இருந்த சாஸை ஊற்றிச் சாப்பிட்டார்கள். மற்றவராக இருந்தால் விரட்டியிருப்பார்கள். கோபயாஷியோ வெறும் சோறு கேட்பவர்களையும் வரவேற்பதாக அறிவித்து, கூடவே ஊறுகாயும் வைக்கச் சொன்னார். இவர்கள் நாளை குடும்பத்தோடு வருவார்கள் என்பது அவர் கணக்கு. காலாண்டுக்கு ஒருமுறை பணம் கேட்கும் முதலாளியால் இப்படி ஒரு கணக்கைப் போட முடியாது.

மூன்றாவது கேள்விக்கும் இங்கேதான் வருகிறோம். ஜப்பானியப் பேரங்காடிகளில் அடுக்கில் இருக்கும் துணியில் பெரும்பகுதி, விற்கும் நொடிவரை அதைத் தயாரித்தவருக்கே சொந்தம். வாடிக்கையாளர் பணம் கட்டும் கணத்தில்தான் கடை அதை வாங்கியதாகவும் விற்றதாகவும் கணக்கில் ஏறும். விற்காத சரக்கு திரும்பிப் போகும். விற்பனைப் பெண்ணின் சம்பளத்தைக்கூடப் பல சமயம் தயாரிப்பாளரே தருவார். கடைக்கு நட்டம் குறைவு, ஆனால் எல்லாக் கடையும் ஒன்றுபோல் ஆகிவிடும் ஆபத்து அதிகம். அந்த ஒற்றுமையை உடைப்பது நிலத்தடி உணவுத்தளம்தான். மாலை நெருங்க, மீன், பொரியல், பெட்டிச் சாப்பாடு ஆகியவற்றின் மீது விலைக்குறைப்பு ஒட்டிகள் விழ விழ, மேல்மாடிகளில் இல்லாத பரபரப்பு அங்கே கூடும். இணையம் இன்னும் தொட முடியாத பகுதி அது.

கனடாவைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஈட்டன்ஸ் 1869இல் பிறந்து 1999இல் நொடிந்தது. அதைவிட நீண்ட காலம் தாக்குப்பிடித்த, 1670இல் அரச சாசனத்தோடு உருவான ஹட்சன்ஸ் பே நிறுவனம், டொராண்டோவின் முதன்மைக் கட்டடத்தை 2014இல் 65 கோடி கனடிய டாலருக்கு விற்று வாடகைக்கு அமர்ந்தது. 2025 ஜூன் 1 அன்று எல்லாக் கடைகளையும் மூடியது.

அமெரிக்காவில் சியர்ஸ், மேசிஸ் இரண்டையும் ஒப்பிடுபவர்கள் வழக்கமாகச் சொல்வது, சியர்ஸ் தன் பெரும் அஞ்சல் விலைப்பட்டியலை 1993இல் நிறுத்தியது, அடுத்த ஆண்டே அமேசான் பிறந்தது என்பது. அது உண்மைதான், ஆனால் சியர்ஸின் சாவுக்கு அதைவிட நெருக்கமான காரணங்கள் உள்ளன. 2005இல் கேமார்ட் என்ற மலிவு விலைக் கடைத்தொடரோடு இணைந்த பிறகு பல நூறு கோடி டாலர் சொந்தப் பங்குகளைத் திரும்ப வாங்கவே செலவானது, கடைகள் பழுதடைந்தன. 2015இல் 235 சொத்துகள் உள்ளிட்டவை செரிடேஜ் என்ற தனி நிறுவனத்துக்கு 270 கோடி டாலருக்கு மாற்றப்பட்டு, சியர்ஸ் வாடகைதாரர் ஆனது. 2017இல் கிராஃப்ட்ஸ்மேன் கருவிகளின் பெயரையும் விற்றது. 2018 அக்டோபரில் திவால் மனு கொடுத்தபோது விற்க நல்லது எதுவும் மிஞ்சவில்லை.

மேசிஸ் 1858இல் தொடங்கி, 1992இல் தானே ஒருமுறை திவாலாகி, 1994இல் ஃபெடரேட்டட் என்ற பேரங்காடிக் குழுமத்தோடு சேர்ந்து பிழைத்தது. வளர்ச்சிக்காக அது செய்த ஒரு செயலை என்னால் ஏற்க முடியவில்லை: 2006இல் சிகாகோவின் மார்ஷல் ஃபீல்ட்ஸ் உட்படப் பல ஊர்ப் பெயர்களை அழித்து எல்லாவற்றுக்கும் மேசிஸ் பலகையை மாட்டியது. ஊர் மக்கள் தெருவில் இறங்கி எதிர்த்தும் பயனில்லை. ஆனால் நியூயார்க் ஹெரால்ட் ஸ்கொயர் கட்டடம் போன்ற சொத்துகளை விட்டுவிடவில்லை என்பதே அது இன்னும் நிற்கக் காரணம். அதே காரணத்தால்தான் கழுகுகளும் வட்டமிடுகின்றன. நிறுவனத்தையே வாங்கிக்கொள்ள 580 கோடி டாலர் அளவில் 2023இலிருந்து வந்த விலைக்கேட்பின் உண்மையான ஈர்ப்பு அந்த நிலங்கள். 2024 ஜூலையில் நிர்வாகக் குழு பேச்சை முறித்தது. அதற்கு முன்பே, சுமார் 150 கடைகளை மூடி மிச்சத்தைப் புதுப்பிக்கும் திட்டத்தை அது அறிவித்திருந்தது. நார்ட்ஸ்ட்ராம் இதற்கு வேறு வழியைத் தேர்ந்தது. 1901இலிருந்து கடையை நடத்திவரும் குடும்பம், மெக்சிகோவின் லிவர்பூல் பேரங்காடி நிறுவனத்தோடு சேர்ந்து 2025இல் பங்குச் சந்தையிலிருந்தே அதை விலக்கிக்கொண்டது. கடை நடத்தத் தெரிந்த இரு தரப்பு உரிமையாளர்கள், காலாண்டு அறிக்கைக்கு வெளியே கிடைத்திருக்கும் அவகாசம் இரண்டையும் வைத்துப் பார்த்தால், அந்தக் கொள்முதலுக்கு வாங்கிய கடன் கட்டுக்குள் இருக்குமானால், அடுத்த இருபது ஆண்டுக்கு மேசிஸைவிட நார்ட்ஸ்ட்ராமையே நான் நம்புவேன்.