கார்புரேட்டர் உதிரிகளுக்கு மஞ்சள் முலாம்: அம்பத்தூர்ப் பட்டறை ஒன்றின் வேலை

எங்கள் வீட்டு 1993 மாருதி 800-இன் கார்புரேட்டரைப் பிரித்தபோது, உடற்பகுதி நன்றாக இருந்தது. அதைச் சுற்றியிருந்த எஃகு லீவர்கள், திருகுகள், ஸ்பிரிங்குகள் ஆகியவற்றில்தான் பழைய பொன்மஞ்சள் பூச்சு பொடிந்து, துரு ஏறியிருந்தது. அந்த மஞ்சள் வெறும் வண்ணமன்று. எஃகின்மேல் மெல்லிய துத்தநாக முலாமும் அதன்மேல் குரோமேட் எனும் குரோமியச் சேர்மப் படலமும் சேர்ந்தது அது. துத்தநாகம் தான் அரிபட்டு எஃகைக் காக்கிறது. பெயிண்ட் அடித்தால் பெட்ரோல் பட்டு உரிந்துவிடும் என்பதால், அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உள்ள சிறிய பிளேட்டிங் பட்டறை ஒன்றிடம் 31 உதிரிகளை ஒப்படைத்தேன்.

பொருள்களைத் தட்டில் கொட்டியதும் அங்கிருந்த மேற்பார்வையாளர் முதலில் கேட்டது, "இதில் ஸ்பிரிங் எது, சொல்லுங்கள்" என்பதுதான். அந்த ஒரு கேள்விக்காகவே இப்பட்டறையை நான் பரிந்துரைப்பேன். அமிலத்தில் துரு நீக்கும்போதும் முலாம் ஏறும்போதும் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடும். கடினமான ஸ்பிரிங் எஃகு அதனால் நொறுங்கும் தன்மை பெறும். முலாம் முடிந்த சில மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் சுட்டு அந்த ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். அவ்வளவு சூட்டைக் குரோமேட் படலம் தாங்காது என்பதால், சுட்ட பிறகே மஞ்சள் தொட்டியில் முக்க வேண்டும். முன்பு வேறோரிடத்தில் இதைச் செய்யாமல் கொடுத்த திராட்டில் ஸ்பிரிங் (எஞ்சினுக்குள் செல்லும் கலவையின் அளவைக் கட்டுப்படுத்தும் திராட்டில் தகட்டை மூடவைப்பது) பத்தே நாளில் ஒடிந்தது. ஓடும் காரில் திராட்டில் மூடாமல் நின்றால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

லீவர்களைச் செப்புக் கம்பியில் தனித்தனியே தொங்கவிட்டும், திருகுகளைச் சுழலும் பீப்பாயில் இட்டும் முலாம் ஏற்றினார்கள். சோக் லீவரைச் சன்னலோரம் சாய்த்துப் பார்த்தால், மஞ்சளுக்குள் இளஞ்சிவப்பும் பச்சையும் புறாக் கழுத்தைப்போல் ஓடுகின்றன. கம்பி பட்ட இடத்தில் மட்டும் கடுகளவு சாம்பல் புள்ளி. மூவிணைதிறக் குரோமியக் கரைசலைப் பயன்படுத்துவதால் நிறம் பழையதைவிடச் சற்று வெளிறியே இருக்கிறது. ராணிப்பேட்டையில் குரோமேட் கழிவு நிலத்தடி நீரைக் கெடுத்த கதையை அறிந்தவன் என்ற முறையில், நச்சு மிகுந்த ஆறிணைதிறக் குரோமியம் தரும் அடர்ந்த மஞ்சளை நான் கேட்கவில்லை.

குறை ஒன்று உண்டு. திராட்டில் தண்டின் இரு முனைகளையும் மறைத்துவிட்டு முலாம் ஏற்றச் சொல்லியிருந்தேன். ஒரு முனையை மறைக்க மறந்துவிட்டார்கள். பூச்சு 8 மைக்ரான் என்றால் தண்டின் விட்டம் 16 மைக்ரான் கூடுகிறது. அது துளைக்குள் இறுகி, விட்ட இடத்திலேயே நின்றது. திரும்ப எடுத்துச் சென்றபோது மறுப்பின்றி அப்பகுதியின் முலாமை நீக்கித் தந்தார்கள் என்றாலும், ஒரு நாள் வீணாயிற்று. நீங்களே நாடா சுற்றிக் கொடுப்பது நல்லது.

சிறு வேலைக்கு அவர்கள் வாங்கும் குறைந்தபட்சக் கட்டணம் 800 ரூபாய். ஸ்பிரிங் சுடுவதற்குத் தனியாக 150. பெட்ரோலை அளந்துவிடும் நுண்துளைப் பித்தளை ஜெட்டுகளைக் கொடுக்காதீர்கள், துளை அளவு மாறிவிடும். உதிரிகளை எண்ணி, படம் எடுத்து ஒப்படையுங்கள். வாங்கி வந்த பின் ஒரு நாள் தொடாமல் வையுங்கள், புதுப் படலம் மென்மையாக இருக்கும்போது நகம் பட்டாலும் கீறிவிடும்.